வாராவாரம் புகை அடித்தும் கொசு சாகவில்லையே, மருந்தில் கலப்படமா?

கேள்வியிலேயே தீர்ப்பையும் எழுதிவிட்டீர்கள். நீங்கள் அபார்ட்மெண்டில் குடியிருப்பவர், புகை மெஷின் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துகிறவர் என்று வைத்துக்கொள்கிறேன். கலப்படமே நடக்காது என்று நான் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணவில்லை. ஆனால் மருந்து சுத்தமாக இருந்தாலும் கொசு தப்பிக்கும். பூச்சியியல் குழுவில் கொசு பிடிக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பிஎச்.டி. எல்லாம் கிடையாது, படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

‘கொசுவுக்கு மருந்து பழகிப்போச்சு’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். விஷத்தை உடம்பு தாங்கிக்கொள்வது ஒன்று, அது உண்மைதான். மருந்துப் பக்கம் தங்காமலே நழுவிவிடுவது வேறொன்று. அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், ஏனென்றால் சோதனையில் அது தெரியாது.

தொண்ணூறுகளின் கடைசியில், சாத்தனூர் அணைக்குக் கீழே தென்பெண்ணைக் கரை ஊர்களில் எங்களுக்கு வேலை. ஆற்று மணல் குழிகளில் தேங்குகிற தண்ணீரில்தான் மலேரியா பரப்பும் அனோபிலஸ் க்யூலிசிஃபேசிஸ் முட்டையிடும். ரத்தம் குடித்த கொசு வயிறு கனத்துப்போய்ச் சுவரில் உட்காரும் என்பதால் வீட்டுச் சுவரிலும் மாட்டுக் கொட்டகையிலும் பைரத்ராய்டு என்ற பூச்சி மருந்து அடித்தோம். கொசு அந்தச் சுவரில் போதிய நேரம் உட்கார்ந்தால்தான் சாகும்.

ஒரு ஆயா என்னைப் பிடித்துக்கொண்டது. “இன்னாத்த அடிச்சீங்களோ போ! ஊட்டுக்குள்ள இருந்ததெல்லாம் இப்ப திண்ணையாண்ட வந்து புடுங்குது.” உடன் வந்த அதிகாரி சிரித்தார். கொட்டகையில் டார்ச் அடித்து உறிஞ்சுகுழலில் பிடித்த கொசுக்களை அன்றைக்கே சோதனைக்கு எடுத்திருந்தோம். சிவப்புப் புள்ளி போட்ட குழாய்க்குள் மருந்துத் தாள் சுருட்டி வைத்திருக்கும். அதில் ஒரு மணி நேரம் அடைத்துவிட்டு, மருந்தில்லாத பச்சைப் புள்ளிக் குழாய்க்கு மாற்றி, 24 மணி நேரம் கழித்துச் செத்ததை எண்ண வேண்டும். அநேகமாக எல்லாமே செத்துக் கிடந்தன. ‘மருந்து நன்றாக வேலை செய்கிறது’ என்று அவர் எழுதிக்கொண்டார்.

எனக்கு மனசு ஆறவில்லை. ஆயா வீட்டு ஜன்னலில், வெளியேறும் கொசுவைப் பிடிக்கிற வலைப் பெட்டியை மாட்டினேன். விடியற்காலையில் போய்ப் பார்த்தால் பெட்டி நிறையக் கொசு. முக்கால்வாசிக்கு வயிறு ஒட்டிக் கிடந்தது, ரத்தம் குடிக்கவே இல்லை. பேப்பர் கப்பில் விட்டு, சர்க்கரைத் தண்ணீர் தொட்ட பஞ்சை மேலே வைத்து மறுநாள் பார்த்தேன், பெரும்பாலானவை உயிரோடு இருந்தன. குழாயில் தப்பிக்க வழி கிடையாது. ஆயா வீட்டில் ஜன்னல் இருந்தது. வெயில் காலத்தில் ஊரே வாசலில் கட்டில் போட்டுத்தான் தூங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுதிக் கொடுத்தேன். அந்தக் காகிதம் என்ன ஆனதோ.

இது ஆயாவும் நானும் கண்டுபிடித்த புதுசு இல்லை. சாலமன் தீவுகளில் டி.டி.டி. அடித்த பிறகு அனோபிலஸ் ஃபராட்டி என்ற கொசு, ஜனங்கள் படுக்கப் போவதற்கு முன்பே, வீட்டுக்கு வெளியே கடிப்பது பெருகிவிட்டது. செனகலில் தியெல்மோ என்ற ஊருக்கு 2008இல் மருந்து தோய்த்த வலை கொடுத்தார்கள். சில வருஷத்தில் அங்கே அனோபிலஸ் ஃபியூனெஸ்டஸ் விடிந்த பிறகும் கடித்தது. 2022இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரசியம். சாகாத அளவு மருந்தை ஒரே ஒரு தடவை காட்டினாலே கொசு அதை நினைவில் வைத்துக்கொள்கிறது. மருந்து வலையைத் தாண்டி ரத்தத்துக்கு வந்த, டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு, முன்பு மருந்தைப் பார்க்காதவற்றில் 57.7 சதவீதம், பார்த்தவற்றில் 15.4 சதவீதம்.

இதை வைத்து ‘சுவரில் மருந்து அடிப்பதே தண்டம் என்று ஒரு அரசு ஊழியரே சொல்கிறார்’ என்று வாட்ஸப்பில் சுற்ற விடாதீர்கள். 1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது இந்தியாவில் வருஷத்துக்கு 7.5 கோடிப் பேருக்கு மலேரியா என்று மதிப்பிட்டார்கள். அறுபதுகளின் நடுவில் அது ஒரு லட்சம் அளவுக்கு இறங்கியது சுவரில் அடித்த டி.டி.டி.யால்தான். விரட்டப்பட்ட கொசு உள்ளே படுத்திருப்பவரைக் கடிக்காது, அதுவும் லாபம்தானே.

இனி உங்கள் தெரு. புகை மருந்து காற்றில் பறக்கிற கொசு மேல் பட்டால்தான் கொல்லும், புகை கலைந்ததும் அதன் வேலை முடிந்தது. பகலில் கடிக்கிற ஏடிஸோ உங்கள் கட்டிலுக்கு அடியிலும், தொங்கவிட்ட சட்டைக்குப் பின்னாலும் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் ஜன்னலைச் சாத்தி அதைக் காப்பாற்றிவிட்டு, மெஷின் தூக்கி வருகிற தினக்கூலிப் பையனைத் திருடன் என்கிறீர்கள். அடுத்த தடவை சாப்பாட்டை மூடி வைத்து, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து, கதவு ஜன்னலைத் திறந்து விடுங்கள். அதற்கு முன்னால் தண்ணீர் டிரம், பூந்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜின் பின்பக்கத் தட்டு எல்லாவற்றையும் பாருங்கள். புழு நெளிந்தால் கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள். ஏடிஸா, யானைக்கால் பரப்பும் க்யூலெக்ஸா என்று சொல்லிவிடுவேன், கண் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.