நாலு வருஷக் கையெழுத்தில் ஒளிந்திருக்கும் எட்டு வருஷம்

கேள்வி: என் அக்கா மகன் டெக்சாஸில் இருக்கிறான். கிரீன் கார்டு வந்த கையோடு அமெரிக்க ராணுவத்தில் நாலு வருடத்துக்குச் சேர்ந்தான். வருகிற தை மாதத்தோடு முடிகிறது. வீட்டுக்கு வந்த பிறகும், போர் என்றால் கட்டாயமாகத் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று அவன் நண்பன் சொன்னானாம். அதைக் கேட்டதிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் இல்லை. வேலையை விட்டவனை எப்படிக் கூப்பிட முடியும்?
– ஒரு வாசகி, வேலூர்

பதில்: நண்பன் சொன்னது உண்மைதான் அம்மா. ஆனால் பயப்படுவதற்கு முன்னால் கணக்கைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் முதல்முறையாகப் படையில் சேருகிறவருக்கு மொத்தக் கடமை எட்டு வருடம். சேரும் அன்று கையெழுத்துப் போடுகிற டிடி 4 என்ற படிவத்திலேயே அது அச்சாகி இருக்கிறது. உங்கள் பையன் சொல்லும் நாலு வருடம் சீருடையோடு முழுநேரம் இருக்கவேண்டிய காலம். மீதி நாலு வருடத்துக்கு, வேறு ரிசர்வ், அதாவது தேவைப்பட்டால் அழைக்கிற காத்திருப்புப் படைப் பிரிவில் சேராவிட்டால், இன்டிவிஜுவல் ரெடி ரிசர்வ் என்ற பட்டியலில் அவன் பெயர் இருக்கும். மாதாந்திரப் பயிற்சி இல்லை, சம்பளமும் இல்லை, கல்லூரிக்குப் போகலாம், கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம், ஆனால் அதிபர் தேசிய நெருக்கடி நிலை அறிவித்துவிட்டால் அவன் சம்மதத்தைக் கேட்காமலே 24 மாதம் வரைக்கும் அழைத்துக்கொள்ள சட்டம் இடம் தருகிறது. அதனால் சட்டத்தின் கண்ணில் அவன் இன்னும் வேலையை விடவில்லை.

இது ஏட்டில் மட்டும் இருக்கும் சட்டமும் இல்லை. 1991 வளைகுடாப் போரில் இந்தப் பட்டியலிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களை எடுத்தார்கள். ஈராக் போர் இழுத்துக்கொண்டே போன 2004-இல், சுமார் 5,600 பேரை அழைக்கப்போவதாகத் தரைப்படை அறிவித்தது. லாரி ஓட்டத் தெரிந்தவர்கள், மெக்கானிக்குகள் என்று பட்டாளத்தில் ஆள் குறைந்த இடங்களுக்கெல்லாம் பழையவர்களைத் தேடினார்கள். அந்த நவம்பருக்குள் உத்தரவு போயிருந்த ஏறக்குறைய 4,000 பேரில் 1,800-க்கும் மேற்பட்டவர்கள் விலக்கோ தவணையோ கேட்டு மனுப் போட்டுவிட்டார்கள். 2006-இல் மரைன் படையும் ஒரு நேரத்தில் 2,500 பேர் வரை அழைக்க அனுமதி வாங்கியது.

கையெழுத்துப் போட்டவன் போய்த்தானே ஆகவேண்டும் என்று சிலர் சொல்வார்கள். பதினெட்டு வயதுப் பையன், முன்னால் கத்தைக் காகிதம், பக்கத்தில் ஆள் சேர்க்கிற அதிகாரி, பேச்செல்லாம் படிப்புச் செலவைப் பற்றியும் நாலு வருடத்தைப் பற்றியும் இருந்தால் எட்டு என்ற எண் அவன் மண்டையில் ஏறுமா? என்னைக் கேட்டால், அந்த எட்டு வருடத்தை அவனையும் அவன் அம்மாவையும் உட்காரவைத்து, வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் பேனாவைக் கையில் கொடுக்கவேண்டும்.

கேள்வி: அழைப்பு வந்தால் தப்பிக்க வழியே இல்லையா? போய்விட்டு வந்தால் பழைய வேலை கிடைக்குமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: உடல்நிலை, குடும்பத்தில் தாங்கமுடியாத கஷ்டம் போன்ற காரணங்களைக் காட்டி விலக்கோ தவணையோ கேட்கலாம். அதற்கு ஆதாரக் காகிதம் வேண்டும், சும்மா இருந்துவிட்டால் சிக்கல்தான். வேலையைப் பற்றி 1994-இல் வந்த சட்டம் தெளிவாக இருக்கிறது, திரும்பி வருகிறவனுக்கு முதலாளி வேலையைக் கொடுத்தாகவேண்டும். ஆனால் சொந்தமாக ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவனுக்கு அந்தச் சட்டத்தால் என்ன பயன்? ஒன்றரை வருடம் கடை பூட்டிக் கிடந்தால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார், கடன் தவணை மட்டும் மாதாமாதம் வந்து நிற்கும்.

அப்புறம், அதிகாரியாக இருந்தவர்கள் கூடுதலாகக் கவனிக்கவேண்டும். எட்டு வருடம் முடிந்தாலும் அவர்கள் பதவியை எழுத்து மூலம் ராஜினாமா செய்யாவிட்டால் பெயர் பட்டியலிலேயே தங்கிவிடும். இது தெரியாமலே பல வருடம் கழித்து அழைப்பைக் கையில் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: நம் ராணுவத்தில் இப்படி உண்டா?
– ஒரு வாசகர், சிவகாசி

பதில்: ரிசர்வ் கடமை என்பது இங்கேயும் பழைய ஏற்பாடுதான், 1888-இலேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. முழுநேரச் சேவை கொஞ்சம், ரிசர்வ் கொஞ்சம், இரண்டும் சேர்ந்து 15 வருடம் ஆனவர்களுக்கு ‘ரிசர்விஸ்ட் பென்ஷன்’ என்றே தனியாக ஒன்று உண்டு. உங்கள் ஊரில் வயதான எக்ஸ்-சர்வீஸ்மேன் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், விவரமாகச் சொல்வார்.

கேள்வி: ஏற்கெனவே ஒரு போரைப் பார்த்துவிட்டு வந்தவனையே மறுபடி அனுப்புவது நியாயமா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: நியாயமே இல்லை, இந்தக் கேள்வியை அமெரிக்கர்களே 1950-இல் கோபமாகக் கேட்டார்கள். கொரியப் போர் தொடங்கியதும், வாராவாரம் பயிற்சிக்குப் போய் அதற்குச் சம்பளமும் வாங்கிக்கொண்டிருந்த பல ரிசர்வ் பிரிவுகள் ஊரிலேயே இருந்தன. ஐரோப்பாவில் பெரிய போர் வந்தால் தேவைப்படும் என்று அவற்றைக் கையில் வைத்திருந்தார்கள். அதேசமயம் இரண்டாம் உலகப் போர் முடிந்து வீட்டுக்குப் போய், ஒரு காசு வாங்காமல் வெறும் பட்டியலில் பெயரோடு இருந்தவர்களை ஒவ்வொருவராக இழுத்து, காலி இடங்களை நிரப்ப கொரியாவுக்கு அனுப்பினார்கள். குழந்தை குட்டியோடு அப்போதுதான் வாழ்க்கையைத் தொடங்கியிருந்தவர்கள் அவர்கள்.

அப்படிப் போனவர்களில் ஒருவர் டெட் வில்லியம்ஸ், பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் பேஸ்பால் நட்சத்திரம். முந்தைய போருக்காகவே 1943, 44, 45 என்று மூன்று சீசனை விட்டவர். 1952 ஏப்ரல் 30 அன்று கடைசியாக மட்டையைப் பிடித்து ஒரு ஹோம் ரன் அடித்துவிட்டு, சில நாளில் மறுபடி மரைன் சீருடை போட்டார். அப்போது வயது 33. அடுத்த பிப்ரவரியில் கொரியாவில் அவருடைய ஜெட் விமானம் குண்டடி பட்டு, ரேடியோ செத்து, தீப்பிடித்தது. சக்கரம் இல்லாமல் வயிற்றாலேயே ஓடுபாதையில் சறுக்கி இறங்கி, எரியும் விமானத்திலிருந்து குதித்து ஓடினார். அதற்குப் பிறகும் பறக்க அனுப்பினார்கள், மொத்தம் 39 முறை.

அந்தக் கோபம்தான் 1952-இல் ரிசர்வ் படைகளுக்குத் தனிச் சட்டம் வருவதற்கு ஒரு காரணம். யாரை முதலில் அழைக்கலாம், யாரைக் கடைசியில் அழைக்கவேண்டும் என்று அந்தச் சட்டம் பிரித்து எழுதிவைத்தது. வேலூர் சகோதரிக்கு மறுபடி ஒரு வார்த்தை: பையன் வீடு மாறினால் விலாசத்தை ராணுவத்துக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள், எட்டு வருடம் முடிகிற தேதியைக் காலண்டரில் குறித்து வைக்கச் சொல்லுங்கள், அந்தத் தேதிக்குப் பிறகு முழு விடுவிப்புச் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டதா என்று அக்காவையே போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.