ஐ.டி. ஆட்குறைப்பு: மெஸ்ஸுக்கு நகைக்கடன் வாங்கலாமா?

கேள்வி: சோழிங்கநல்லூரில் மெஸ் நடத்துகிறேன். பக்கத்து ஐ.டி. கம்பெனியில் ஆட்களைக் குறைத்ததிலிருந்து தினம் 140 சாப்பாடு போன இடத்தில் 95தான் போகிறது. சாப்பாடு 90 ரூபாய்; மளிகை, காய்கறி, கேஸுக்கு 50 ஆகிவிடும். மாத வாடகை 35,000, சம்பளமும் கரண்ட்டும் 60,000. நகையை வைத்து 3 லட்சம் வாங்கி ஏ.சி. போட்டால் கூட்டம் திரும்புமா?

பதில்: திரும்பாது. புழுக்கம் தாங்காமல் போனவர்கள் இல்லையே அவர்கள்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்த்தேன். மாதம் 26 நாள் கடை என்றால், 140 சாப்பாட்டில் 50,600 ரூபாய் கையில் நின்றது. இப்போது 3,800. விற்பனை மூன்றில் ஒரு பங்கு குறைந்ததற்கே லாபம் முக்கால்வாசிக்கு மேல் காலி. வாடகையும் சம்பளமும் கூட்டத்தைப் பார்த்து இறங்காது. 92-க்குக் கீழே போனால் கைக்காசு போடவேண்டும். கடனுக்கு வட்டி 10 சதவீதம் என்றே வைத்தாலும் மாதம் 2,500, அப்புறம் ஏ.சி.யின் கரண்ட் பில் வேறு.

இன்னும் குறையவும் செய்யலாம். வேலை போனவர்கள் செட்டில்மென்ட் பணம் இருக்கும்வரை பி.ஜி.யில் தங்கி இன்டர்வியூவுக்கு அலைவார்கள். அது தீர்ந்ததும்தான் ஊருக்குக் கிளம்புவார்கள். வேலையில் இருப்பவர்களும் பயத்தில் டிபன் பாக்ஸ் கட்டிவருவார்கள். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றபோது அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களுக்கு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. ஐ.டி.யில் சொட்டுச் சொட்டாகப் போகும். அடுத்த மாதம் சரியாகிவிடும் என்று நாமும் இழுத்துக்கொண்டிருப்போம்.

சரி, பணத்துக்கு என்ன வழி? நம்மூர் வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் கொடுத்திருந்தால், உங்கள் மூன்றரை லட்சம் வட்டியில்லாமல் ஓனரிடம் தூங்குகிறது. ஆறு மாதத்துக்கு வாடகையில் 10,000-ஐ அட்வான்ஸில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒத்துக்கொண்டால் எழுதி வாங்குங்கள். கடை காலியானால் வேறு ஆள் கிடைப்பது கஷ்டம் என்று அவருக்கும் தெரியும்.

மாதக் கணக்கில் சாப்பிடும் பி.ஜி. பையன்களை வாரக் கணக்குக்கு மாற்றுங்கள். கேட்கச் சங்கடம்தான். ஆனால் ரூமைக் காலிசெய்தவனை எங்கே போய்த் தேடுவீர்கள்? சாயங்காலம் அடுப்பு சும்மா இருந்தால், பக்கத்து அபார்ட்மென்ட்டுகளுக்குச் சப்பாத்தி, குருமா கொடுத்துப் பாருங்கள். அதற்கென்று தனி வாடகை கிடையாது.

நகையை இப்போது தொடாதீர்கள். தினம் 80-க்குக் கீழே இரண்டு மாதம் தொடர்ந்தால், அட்வான்ஸ் கரைவதற்குள் கடையை விடுவதைப் பற்றி ஓனரிடம் பேசிவிடுங்கள்.