விளையாட்டு எழுத்தாளருக்கு ரசிகரைவிட அதிகமாக என்ன தெரியும்?

'ஒரு மேட்ச் விடாமல் பார்க்கிறவனைவிட, எழுதுகிறவருக்குக் கூடுதலாக என்ன தெரிந்துவிடும்?' என்பது கேள்வி.

தகவலில் ரசிகர் பல நேரம் எழுத்தாளரையே மிஞ்சிவிடுவார். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர், இரவிபுத்தன்துறை பக்கம் கால்பந்து பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், தெரியும். வித்தியாசம் எங்கே பார்க்கிறோம் என்பதில்தான். ரசிகரின் கண் பந்தோடு ஓடும். எழுத்தாளர் பந்து இல்லாத இடத்தையும் பார்க்கப் பழகியிருக்க வேண்டும்.

இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜையே எடுத்துக்கொள்வோம். 2018-19 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்துத் தொடரில் ஜாம்ஷெட்பூர் அணிக்காக முன்னால் ஏறி கோல் அடித்தவர். அடுத்த சீசனில் கொல்கத்தாவின் ஏடிகே அணிக்குப் போனதும், 'பையன் முன்னைப்போல கோல் அடிக்கமாட்டேங்கிறானே' என்று ஊர்க்காரர் வருத்தப்பட்டால் அது நியாயம்தான். ஆனால் ஏடிகே பயிற்சியாளர் அபாஸ் ஆடவைத்தது 3-5-2 அமைப்பு, அதாவது பின்னால் மூவர், நடுவில் ஐவர், முன்னால் இருவர். அதில் சூசைராஜுக்கு இடது விங்-பேக் வேலை, இடது ஓரம் முழுக்க அவர் பொறுப்பு. பந்து தன் அணியிடம் இருந்தால் எதிரணி மூலை வரை ஓட வேண்டும், பறிபோனால் அதே வேகத்தில் திரும்பி வந்து தடுக்க வேண்டும். அந்த ஓட்டம் ஸ்கோர் கார்டில் வராது. அந்த சீசன் இறுதிப்போட்டியில் ஏடிகே சென்னையின் எஃப்சி அணியை 3-1 என்று வென்றது. இதை விளக்கத் தெரிந்தவரைத்தான் நான் விளையாட்டு எழுத்தாளர் என்பேன்.

அப்புறம், கடற்கரை மணலில் ஓடிப் பழகிய கால் எப்படி உரம் ஏறுகிறது என்பது அந்த ஊர் ரசிகருக்குத் தெரியும். அதை எழுத்தாளர் அவரிடம் போய்த்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.