உப்பளத்தை ஒட்டிய குடியிருப்பு: இடம் யாருடையது, பட்டா கிடைக்குமா?

கேள்வி: வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தை ஒட்டிப் பத்துப் பன்னிரண்டு வீடுகள். அளத்துக்காரர் தன் இடம் என்கிறார், வருவாய்த்துறை புறம்போக்கு என்கிறது. பட்டா வாங்க முடியுமா?

முதலில் அ-பதிவேட்டை, அதாவது கிராமத்து நிலங்களின் வகையும் விவரமும் எழுதிய வருவாய்த்துறைப் பதிவேட்டை, பாருங்கள். இ-சேவை தளத்தில் புல எண் போட்டால் இடம் எந்த வகை என்று வரும். எல்லாம் அதைப் பொறுத்ததுதான். நத்தம் (ஊர்க் குடியிருப்புக்கான இடம்) என்றிருந்தால் வழி எளிது. நீர்நிலை, ஓடை என்றிருந்தால் பட்டா கிடைப்பது மிகக் கடினம். மாற்றிடம் கேட்டு மனுக் கொடுப்பதே நல்லது. மத்திய அரசின் உப்புத்துறை நிலமென்றால் தாசில்தார் பட்டா தர முடியாது.

அடுத்தது எல்லை. உப்பளத்து வரப்பை எல்லையாக நம்பவே நம்பாதீர்கள். ஐப்பசி மழையில் அது கரைந்துபோகும். தை, மாசியில் பாத்தி திருத்தும்போது இரண்டடி தள்ளிப் போட்டுவிடுவார்கள், நாலைந்து வருஷத்தில் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். புலப்பட (நிலத்தின் அளவு வரைபடம்) நகலோடு சர்வேயரை வரவழைத்து, சேற்றில் புதைந்த சர்வே கல்லைத் தோண்டி, அங்கிருந்து அளக்கச் சொல்லுங்கள். பழைய படத்தில் அளவு லிங்க்ஸில் இருக்கும்: 100 லிங்க்ஸ் 66 அடி. அதை அடியென்று படித்துத்தான் பாதித் தகராறு.

வீட்டு வரி, மின் ரசீது, பி-மெமோ (புறம்போக்கில் ஆக்கிரமித்திருப்பதாக வருவாய்த்துறை தரும் சீட்டு) எதுவும் உரிமை தராது. ஆனாலும் எத்தனை வருஷக் குடியிருப்பு என்று காட்ட அவைதான் சாட்சி, ஒன்றையும் தொலைக்காதீர்கள். 1905-ஆம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு நோட்டீஸ் வந்தால் வாங்காமல் திருப்பாதீர்கள். அதில் சொன்ன கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.