கொரியன் டாக்கோ கடை: என்ன கேட்பது, எப்படிச் சாப்பிடுவது? (கேள்வி பதில்)

கொரியன் டாக்கோ என்பது மெக்சிகோவின் டோர்ட்டியாவை (மெல்லிய ரொட்டி) மடித்து, உள்ளே கொரிய முறையில் சமைத்த இறைச்சியை வைத்தது. லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் இருப்பவர்களும் அங்கே போகப்போகிறவர்களும் கேட்டவை. கவுன்டரில் ஆர்டர் கொடுத்து, பேப்பர் தட்டில் வாங்கிச் சாப்பிடும் சாதாரணக் கடைகளைப் பற்றித்தான் பேச்சு. மேஜையில் நாப்கின் மடித்து வைக்கும் இடங்கள் இதில் சேராது.

கேள்வி (இர்வைன்): அண்ணா, முதல் தடவை போறோம், ரெண்டு பேர். மெனு போர்டைப் பார்த்தாலே தலை சுத்துது. எதை வாங்கலாம்?

பதில்: போர்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் உள்ளே வைப்பது பெரும்பாலும் நான்கு பொருள்தான்: மாட்டு விலா இறைச்சி (கல்பி அல்லது ஷார்ட் ரிப் என்று போட்டிருக்கும்), காரமான பன்றி இறைச்சி, கோழி, டோஃபு (சோயாப் பனீர்). இதையே டாக்கோ, புரிட்டோ (பெரிய டோர்ட்டியாவில் சுருட்டியது), கேசடியா (சீஸ் வைத்து மடித்து வாட்டியது) என்று மாற்றி மாற்றித் தருகிறார்கள். முதல் தடவை டாக்கோ வாங்குங்கள். புரிட்டோவில் சோறு, முட்டை, பீன்ஸ் என்று ஏதாவது சேர்ந்து இறைச்சியின் ருசி அமுங்கிவிடும்.

டாக்கோ உள்ளங்கை அளவுதான். ஆளுக்கு மூன்று என்று கணக்கு வையுங்கள். ஒரு கேசடியாவைப் பங்கு போட்டால் ஆளுக்கு இரண்டு போதும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்காதீர்கள். கல்லிலிருந்து இறங்கி ஐந்து நிமிடம் ஆனால் டோர்ட்டியா சாற்றை இழுத்துக்கொண்டு அடியில் கிழியும். முதலில் நான்கு வாங்கி முடித்துவிட்டு மறுபடி வரிசைக்குப் போங்கள். வரிசை நீளமென்றால் கேசடியாவையும் முதலிலேயே வாங்கிக் கடைசியில் சாப்பிடலாம். சீஸ் இருப்பதால் அது கொஞ்ச நேரம் தாங்கும்.

கேள்வி (டோரன்ஸ்): கொரியாவுக்கும் மெக்சிகோவுக்கும் என்ன சம்பந்தம்? யாரோ விளையாட்டுக்குக் கலந்ததா?

பதில்: லாஸ் ஏஞ்சலிஸின் கொரியாடவுனில் கொரியர்களும் லத்தீன் அமெரிக்கர்களும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கிறார்கள், ஒரே சமையலறைகளில் வேலை செய்கிறார்கள். கலப்பு அங்கே இயல்பாக நடக்கக்கூடியதுதான். அதை ஊரறியச் செய்தது 2008 கடைசியில் ஓடத் தொடங்கிய கோகி என்ற உணவு லாரி. சமையல் ராய் சோய். கூட்டாளிகள் மார்க் மங்கேராவும் கரோலின் ஷின் மங்கேராவும். இன்றிரவு லாரி எங்கே நிற்கும் என்பதை ட்விட்டரில் போட்டார்கள், ஜனம் தெருவில் வரிசை கட்டியது. அப்போது ஒரு டாக்கோ 2 டாலர். 2010-இல் ஃபுட் அண்ட் வைன் பத்திரிகை அந்த ஆண்டின் சிறந்த புதிய சமையல்காரர்களில் ஒருவராக சோயைத் தேர்ந்தெடுத்தது. 2016-இல் கோகிக்கு பாம்ஸ் பகுதியில் நிலையான கடையும் வந்தது. இன்று எந்த ஊர்க் கடையில் வாங்கினாலும் அடிப்படை அந்த லாரியின் டாக்கோதான்: எண்ணெயில் வாட்டிய இரண்டு மக்காச்சோள டோர்ட்டியா, பொடியாக நறுக்கிய இனிப்பு இறைச்சி, சல்சா (மெக்சிகோ மிளகாய்ச் சட்னி), மேலே மிளகாய்-சோயாவில் புரட்டிய கோஸ்.

கேள்வி (செரிட்டோஸ்): சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள பாதி தட்டுல, கால்வாசி சட்டையில. என்ன தப்பு பண்றேன்?

பதில்: டாக்கோவைச் சாய்க்கிறீர்கள். அதை நேராகவே பிடித்துக்கொண்டு தலையைப் பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். மேல் விளிம்பைக் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றாலும் லேசாகச் சேர்த்துப் பிடியுங்கள். அடியை அழுத்தினால் கோஸ் பின்பக்கமாக வெளியே வரும். உடம்பு தட்டுக்கு நேர் மேலே வரும்படி முன்னால் குனியுங்கள். முழங்கையை மேஜையில் ஊன்றினால் சிவப்பு எண்ணெய் மணிக்கட்டு வழியாகச் சட்டைக் கைக்குள் இறங்கும், அதனால் ஊன்றாதீர்கள்.

எலுமிச்சையை மொத்தமாகப் பிழிந்துவிட்டு உட்காராதீர்கள். ஒவ்வொரு டாக்கோவையும் கையில் எடுப்பதற்குச் சற்று முன்னால் பிழியுங்கள். சல்சா பாரில் இருக்கும் எல்லாவற்றையும் மேலே ஊற்றுவதும் வேண்டாத வேலை. ஏற்கெனவே உள்ளே இரண்டு சாஸ் இருக்கிறது. தனிக் கிண்ணத்தில் எடுத்துக் கடிக்குக் கடி ஒரு சொட்டு விட்டால் போதும்.

டோர்ட்டியா இரண்டாக இருப்பது ஒன்று கிழிந்தால் இன்னொன்று தாங்கத்தான். நிரப்பியது அதிகமாக இருந்தால் வெளி டோர்ட்டியாவை உருவித் தட்டில் போட்டு, விழுவதை அதன்மேல் விழ விடுங்கள். கடைசியில் அதை மடித்தால் இன்னொரு சின்ன டாக்கோ. முள்கரண்டி கேட்டால் தருவார்கள். கேட்காமல் இருப்பது உத்தமம்.

கேள்வி (சான் டியேகோ): நாங்க சுத்த சைவம். டோஃபு டாக்கோ வாங்கினா பிரச்சினை இல்லைதானே?

பதில்: இருக்கிறது. டோஃபு சைவம்தான், அதைச் சுற்றியிருப்பதை விசாரிக்க வேண்டும்.

முதலில் கிம்ச்சி (கொரியர்களின் காரமான, புளிக்கவைத்த கோஸ் ஊறுகாய்). வழக்கமான கிம்ச்சியில் மீன் சாஸோ உப்பிட்ட இறாலோ, பல சமயம் இரண்டுமோ உண்டு. "வெஜிடேரியன்" என்று பெயர்ப்பலகையில் எழுதிய கேசடியாவிலும் அந்தக் கிம்ச்சியே இருக்கலாம். "கிம்ச்சியில் மீன் சாஸ், இறால் உண்டா?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். "சைவமா?" என்று பொதுவாகக் கேட்டால் கவுன்டரில் இருப்பவர் இறைச்சி இல்லை என்ற அர்த்தத்தில் தலையாட்டிவிடுவார். அடுத்து பீன்ஸ்: மசித்து வறுத்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது மெக்சிகோ வழக்கம். மெக்சிகன் சோறு கோழிச் சாற்றில் வெந்திருக்கலாம். கோதுமை டோர்ட்டியாவிலும் சில இடங்களில் கொழுப்பு உண்டு. சோள டோர்ட்டியா பெரும்பாலும் சோளமும் தண்ணீரும் மட்டுமே.

இதையெல்லாம் தாண்டினாலும் கல் ஒன்றுதான். மாடும் பன்றியும் வெந்த அதே தட்டைக் கல்லில், அதே கரண்டியால்தான் டோஃபுவும் புரளும். சிறிய கடையில் தனிக் கல் இருக்காது, கூட்ட நேரத்தில் துடைத்துத் தரச் சொன்னாலும் நடக்காது. அது ஒத்துவராது என்றால் அந்தக் கடை உங்களுக்கு இல்லை.

கேள்வி (ஃபுல்லர்டன்): மாடு, பன்றி ரெண்டும் வேண்டாம். கோழி போதும். ருசி குறையுமா?

பதில்: கொஞ்சம் குறையும். விலா இறைச்சியின் கொழுப்பு உருகி சர்க்கரையோடு சேர்ந்து கருகுவதில்தான் அந்த வாசனை இருக்கிறது. கோழியில் தொடைக்கறியா என்று கேளுங்கள். நெஞ்சுக்கறி என்றால் வறண்டிருக்கும், சல்சா சற்றுத் தாராளமாக வேண்டும். ஹலால் என்று கடை எழுதிப் போடவில்லை என்றால் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (பாசடேனா): பையனுக்குக் கோதுமை ஆகாது. சோள டோர்ட்டியாதானே, தரலாமா?

பதில்: தராதீர்கள். சாதாரண சோயா சாஸில் கோதுமை உண்டு. இறைச்சி ஊறுவதே அதில்தான். கோச்சுஜாங் மிளகாய் விழுதிலும் பல பிராண்டுகளில் கோதுமையோ பார்லியோ இருக்கும். கோதுமையில்லாத சோயா சாஸ் மட்டுமே பயன்படுத்துகிறோம் என்று கடையே சொன்னால் ஒழிய ஆபத்து. எள், சோயா ஒவ்வாமை இருப்பவர்களுக்கு இந்தச் சமையலில் அநேகமாக எதுவும் மிஞ்சாது.

கேள்வி (ஆர்ட்டீசியா): காரம் எப்படி? நம்ம நாக்குக்கு உறைக்குமா?

பதில்: உறைப்பு மெதுவாக ஏறும். கோச்சுஜாங்கில் இனிப்பும் இருப்பதால் முதல் கடியில் தெரியாது. சிவப்பு சல்சாவைவிட, பச்சைத் தக்காளி போன்ற டொமாட்டியோவில் அரைக்கும் பச்சை சல்சாவில் புளிப்பு தூக்கலாக இருக்கும், நம்மவர்களுக்குப் பிடிக்கும். எரிந்தால் தண்ணீர் உதவாது. பால் சேர்த்த ஓர்ச்சாட்டா (அரிசி, பட்டை, சர்க்கரை) கேளுங்கள். அகுவா டி தமரிந்தோ என்று ஒன்று பானையில் இருக்கும்: சர்க்கரை போட்ட புளித்தண்ணீர். காரத்தைத் தணிக்காது, ஆனால் விலா இறைச்சிக்கு அதைவிடப் பொருத்தமான பானம் அந்தக் கடையில் கிடையாது.

கேள்வி (இர்வைன்): கவுன்டரில் திருப்பிக் காட்டும் திரையில் டிப்ஸ் கேட்கிறது. எவ்வளவு?

பதில்: கவுன்டர் கடையில் கட்டாயமில்லை. ஒன்றிரண்டு டாலரோ 10 சதவீதமோ போட்டால் மரியாதை. மேஜைக்கு வந்து பரிமாறினால்தான் 15 முதல் 20. போர்டில் உள்ள விலையோடு விற்பனை வரி ஊரைப் பொறுத்து சுமார் 8 முதல் 10 சதவீதம் அளவுக்குத் தனியாக ஏறும்.

கேள்வி (ரிவர்சைடு): வீட்டில் செய்தேன். இறைச்சி மாவு மாதிரி ஆகிவிட்டது, கருகவும் இல்லை, தண்ணீர் விட்டுக்கொண்டு வெந்தது.

பதில்: கிவியோ அன்னாசியோ போட்டு ராத்திரி முழுக்க ஊற வைத்திருப்பீர்கள். அவற்றின் நொதி புரதத்தை வெட்டிக்கொண்டே போகும். அரைக் கிலோவுக்கு ஒரு மேஜைக்கரண்டி கிவி, ஒரு மணி நேரம், அவ்வளவுதான். ராத்திரி முழுக்க ஊற வேண்டுமென்றால் கொரியப் பேரிக்காயில் பாதியைத் துருவிப் போடுங்கள், அது மென்மையாகவே வேலை செய்யும். மற்றபடி சோயா சாஸ் ஐந்து மேஜைக்கரண்டி, நாட்டுச் சர்க்கரை இரண்டு, நசுக்கிய பூண்டு ஒன்று, நல்லெண்ணெய் ஒன்று, மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி. எண்ணெய் மட்டும் எள்ளை வறுத்துப் பிழிந்த கொரியன் வகையாக இருக்கட்டும். நம் செக்கு எண்ணெயில் அந்த வாசனை வராது.

தண்ணீர் விட்டதற்குக் காரணம் வேறு: ஊறிய சாற்றோடு மொத்தத்தையும் கொட்டியிருக்கிறீர்கள். சாற்றை வடித்து, கனமான இரும்புக் கல்லைப் புகை வரும்வரை காயவிட்டு, இருநூறு கிராம் இருநூறு கிராமாகப் போடுங்கள். வெந்ததும் எடுத்துப் பொடியாக நறுக்கி, மறுபடி கல்லில் போட்டு ஒரு நிமிடம் புரட்டுங்கள். அந்த இரண்டாவது சூட்டில்தான் ஓரம் கருகும்.

கேள்வி (ரிவர்சைடு): டோர்ட்டியா? கார்ன்ஃப்ளோரில் தட்டினால் உதிர்கிறது.

பதில்: கார்ன்ஃப்ளோர் வெறும் மாச்சத்து. சாதாரண மக்காச்சோள மாவும் உதிரும். டோர்ட்டியாவுக்கு வேண்டியது மாசா ஹரீனா: மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, அரைத்து உலர்த்திய மாவு. சுண்ணாம்புதான் மாவுக்குப் பிசுபிசுப்பு தருகிறது. இரண்டு கப் மாவுக்கு ஒன்றரைக் கப் வெந்நீர், சிட்டிகை உப்பு, பிசைந்து அரை மணி மூடி வையுங்கள். தட்டும்போது ஓரம் வெடித்தால் தண்ணீர் போதவில்லை, கையை நனைத்து மறுபடி பிசையுங்கள்.

கேள்வி (டோரன்ஸ்): பார்சல் வாங்கினால்?

பதில்: கோஸையும் சல்சாவையும் தனித்தனி டப்பாவில் கேளுங்கள். வண்டியில் டப்பா மூடியைச் சற்றுத் திறந்து வையுங்கள், ஆவி வெளியேறட்டும். வீட்டில் இறைச்சியை எடுத்துவிட்டு, டோர்ட்டியாவை எண்ணெய் இல்லாத சூடான கல்லில் பக்கத்துக்கு முப்பது விநாடி வாட்டி, பிறகு சேர்த்துக் கட்டுங்கள். மைக்ரோவேவில் முழு டாக்கோவையும் வைத்தால் கோஸ் வெந்து தண்ணீர் விடும். அதைக் காப்பாற்ற வழியில்லை.