மறுமலர்ச்சிக் காலக் கட்டடக்கலையை ரசிக்க இத்தாலியில் எந்தச் சிற்றூருக்குப் போகலாம்?

பியென்சாவுக்குப் போங்கள். டஸ்கனி வட்டாரத்தில் குன்றின் மேல் இருக்கும் இந்த ஊரின் பழைய பெயர் கோர்சின்யானோ. இங்கே பிறந்த போப் இரண்டாம் பயஸ், 1459-இல் கட்டடக் கலைஞர் பெர்னார்தோ ரொசெல்லினோவிடம் ஊரின் மையத்தையே புதிதாகக் கட்டும் பொறுப்பைக் கொடுத்தார். செலவு மதிப்பீட்டை வெகுவாகத் தாண்டியும் போப் அந்தக் கலைஞரைப் பாராட்டவே செய்தார்!

முதலில் சதுக்கத்தில் நின்று பாருங்கள். அது உண்மையில் சதுரமே இல்லை, சரிவகம். பேராலயத்தை நோக்கி இருபுறமும் அகன்றுகொண்டே போவதால் சின்ன இடம்கூடத் தாராளமாகத் தெரிகிறது. இந்தச் சாமர்த்தியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

அப்புறம் போப்பின் குடும்ப மாளிகையான பிக்கொலோமினி மாளிகையின் பின்பக்கம் போங்கள். மூன்று அடுக்குத் திறந்த தாழ்வாரம், கீழே தோட்டம், எதிரே ஓர்ச்சா பள்ளத்தாக்கும் அமியாத்தா மலையும். இயற்கைக் காட்சியையும் கட்டடத்தின் பகுதியாகவே நினைத்துக் கட்டியிருக்கிறார்கள். பேராலயத்தின் பின்பகுதி சரிவில் நிற்பதால் உள்ளே விரிசல்களையும் பார்க்கலாம். ஊரின் பெக்கொரீனோ என்ற செம்மறி ஆட்டுப்பால் சீஸையும் விட்டுவிடாதீர்கள்.