அலுமினியத்துக்கு வீட்டிலேயே நிறம் ஏற்றலாமா? அனோடைசிங் கேள்வி பதில்

அலுமினியத்தின் மேல் மின்சாரத்தால் ஆக்சைடு படலம் வளர்த்து, அதில் சாயம் ஏற்றுவதுதான் அனோடைசிங். அதைப் பற்றி வந்தவற்றில் ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பாதிக்கு மேல் "நிறம் சரியாகப் பிடிக்கவில்லை" என்ற புகார்தான். எல்லாரும் சாயத்தையே குறை சொல்கிறார்கள். என் அனுபவத்தில் சாயம் குற்றவாளியாக இருப்பது அபூர்வம். தப்பு அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

கேள்வி: வெறும் அலுமினியத்தைச் சாயத்தில் முக்கினால் பிடிக்காதா? ஆசிட், கரன்ட் எல்லாம் எதற்கு?

பிடிக்காது. அலுமினியத்தின் மேல் இயல்பாகவே ஆக்சைடு படலம் உண்டு, ஆனால் அது சில நானோமீட்டர்தான். கந்தக அமிலத்தில் பொருளை நேர்முனையாக்கி மின்சாரம் பாய்ச்சினால் படலம் 10, 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை வளரும். வளர வளர அமிலம் அதைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டும் இருக்கும். அதனால் உள்ளே கோடிக்கணக்கில் நுண்துளைகள். சாயம் போய் உட்காருவது அவற்றில்தான். கடைசியில் கொதிநீரில் போட்டால் துளைகளின் வாய் மூடிக்கொள்ளும்.

கேள்வி: பேட்டரி ஆசிட் போதுமா சார்? எந்த விகிதத்தில் கலப்பது?

தாராளமாகப் போதும். தேவை எடையில் 15 முதல் 20 சதவீதம் அமிலம். பேட்டரிக்கான ஆசிட் சுமார் 35 சதவீதம் இருக்கும். அதை அதே அளவு டிஸ்டில்டு வாட்டரில் கலந்தால் ஏறக்குறைய 20 வந்துவிடும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள குளோரைடு மேற்பரப்பில் குழி விழ வைக்கும்.

முதலில் தண்ணீர், அதில் மெல்ல மெல்ல ஆசிட். மாற்றி ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடங்காதீர்கள். எதிர்முனையாகத் தொட்டியில் வைக்கும் தகட்டில் ஹைட்ரஜன் வரும், கூடவே மிகச் சிறிய ஆசிட் துளிகளும் காற்றில் ஏறும். காற்றோட்டமான இடத்தில், நெருப்புப் பொறி படாத தூரத்தில் செய்யுங்கள். பூட்டிய அறையில் செய்தால் சுவரில் மாட்டிய இரும்புக் கருவிகள்கூடத் துருப்பிடிக்கும், நுரையீரலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கேள்வி: 12 வோல்ட் வைத்தேன், ஒரு மணி நேரம் விட்டேன். ஒரு தடவை நன்றாக வருகிறது, மறுதடவை வெளிறிப்போகிறது. ஏன்?

நீங்கள் வோல்ட்டைப் பிடித்துக்கொண்டு கரன்ட்டை விட்டுவிட்டீர்கள். படலம் எவ்வளவு வளரும் என்பதை முடிவு செய்வது ஆம்பியரும் நேரமும். அதற்குப் பொருளின் பரப்பளவு தெரிய வேண்டும். 100 சதுர செ.மீ. பரப்புக்கு 1.5 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உதாரணமாக 4 செ.மீ. விட்டம், 10 செ.மீ. நீளமுள்ள உருளை. சுற்றுப்பரப்பும் இரண்டு முனைகளும் சேர்ந்து சுமார் 150 சதுர செ.மீ. அப்படியானால் 2.25 ஆம்பியர். குழாயாக இருந்தால் உள்பக்கத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும், பலரும் மறப்பது இதைத்தான். நேரத்துக்கு ஒரு சுலபக் கணக்கு: 100 சதுர செ.மீ.க்கு எத்தனை ஆம்பியரோ, அதை நிமிடத்தால் பெருக்கி 0.3 ஆல் பெருக்கினால் தோராயமாக மைக்ரான். 1.5 ஆம்பியர், 45 நிமிடம், 20 மைக்ரான். கறுப்புக்கு அவ்வளவு வேண்டும். இளம் நிறங்களுக்கு அதில் பாதியே போதும்.

கரன்ட்டை நிலையாக வைக்கும் வசதியுள்ள பவர் சப்ளை இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. வோல்ட் தானாகவே ஏறிக்கொள்ளட்டும். ஆசிட்டின் வெப்பநிலையையும் பாருங்கள்: 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும். 25ஐத் தாண்டினால் படலம் மென்மையாகும், இன்னும் சூடேறினால் கையில் மாவு போல உதிரும். ஐஸ் நிரப்பிய பாட்டிலைத் தொட்டிக்குள் நிற்க வைப்பது எளிய வழி. பாட்டில் மூடி இறுக்கமாக இருக்கட்டும்.

கேள்வி: பத்து நிமிடத்தில் வோல்ட் சட்டென்று எகிறியது, கரன்ட் பூஜ்யம். பவர் சப்ளை போச்சா?

இல்லை. கம்பிக்கும் பொருளுக்கும் இடையே பிடிப்பு தளர்ந்துவிட்டது. ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது; கம்பி துளி நகர்ந்தாலும் தொடும் இடத்தில் படலம் வளர்ந்து பாதை அடைபடும். கம்பியைச் சும்மா சுற்றித் தொங்கவிடாதீர்கள். திருகுத் துளை இருந்தால் அதில் இறுக்கித் திணியுங்கள். அலுமினியக் கம்பி அல்லது டைட்டானியம் மட்டும். செம்பும் இரும்பும் ஆசிட்டில் கரைந்து தொட்டியையே கெடுக்கும். பொருளில் பொருத்தியிருக்கும் பித்தளை புஷ், ஸ்டீல் போல்ட்டுக்கும் இதே கதி. கழற்றிவிட்டு முக்குங்கள். அலுமினியக் கம்பியை மறுமுறை பயன்படுத்தும்போது பழைய படலத்தைச் சுரண்டிவிடவும்.

கேள்வி: அனோடைஸ் செய்யும் முன் மேற்பரப்பைச் சுத்தம் செய்யக் காஸ்டிக் சோடாவில் போட்டதும் பொருள் கறுத்துப்போனது. கெட்டுவிட்டதா?

கெடவில்லை. அலுமினியத்தோடு உலோகக் கலவையில் சேர்ந்துள்ள செம்பு, இரும்பு, சிலிக்கன் போன்றவை காஸ்டிக்கில் கரையாமல் மேலே கரி போலத் தங்கும். நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஓரிரு நிமிடம் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். அதை அப்படியே விட்டு அனோடைஸ் செய்தால்தான் திட்டுத்திட்டாக நிறம் பிடிக்கும்.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்கத் தண்ணீரே போதும். கழுவித் தூக்கினால் தண்ணீர் ஒரே விரிப்பாகப் பரவி நிற்க வேண்டும். முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இருக்கிறது, திரும்பக் கழுவுங்கள். அதற்குப் பிறகு வெறுங்கை படக் கூடாது. விரல்ரேகை அப்படியே நிறத்தில் பதிந்துவிடும்.

கேள்வி: துணிச் சாயம் பயன்படுத்தலாமா?

சில பிடிக்கும், சில பிடிக்காது. பிடித்தாலும் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். பழகுவதற்குச் சரி. வெளியில் வைக்கும் பொருளுக்கு அனோடைசிங் சாயமே வாங்குங்கள். எதுவானாலும் 50, 60 டிகிரியில் வைத்து 10, 15 நிமிடம். அதிகச் சூட்டில் நிறம் ஆழமாகும் என்று நினைத்துக் கொதிக்க வைத்துவிடாதீர்கள், சாயம் உள்ளே போகும் முன்பே துளைகள் மூடத் தொடங்கிவிடும்.

கேள்வி: சாயம் அருமையாக ஏறியது. கொதிநீரில் போட்டதும் தண்ணீரெல்லாம் சிவப்பு!

துளைகள் மூடுவதற்குள் கொஞ்சம் சாயம் கசிவது சகஜம். ரொம்பக் கசிந்தால் படலம் மெல்லியதாக இருந்திருக்கும். நிக்கல் அசிடேட் கலந்த, துளைகளை மூடும் சீலிங் கரைசலில் கசிவு நன்றாகக் குறையும்; ஆனால் நிக்கல் உப்பு நச்சு, கையுறை கட்டாயம். வெறும் தண்ணீர் என்றால் டிஸ்டில்டு வாட்டர், கொதிநிலையை ஒட்டி, ஒரு மைக்ரானுக்கு 2 முதல் 3 நிமிடம். 20 மைக்ரானுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டுப் புலம்புகிறவர்கள்தான் அதிகம்.

கேள்வி: அனோடைஸ் செய்த பிறகு திருகு இறுக்கமாகிவிட்டது.

படலத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை வெளிப்பக்கம் வளரும். துளை எல்லாப் பக்கமும் அந்த அளவு சுருங்கும். திருகுத் துளைகளுக்கு ரப்பர் அடைப்பான் போடுங்கள்.

கேள்வி: வார்ப்பு அலுமினிய எஞ்சின் மூடிக்கு நீல நிறம் வேண்டும் அண்ணா.

ஆசையை விடுங்கள் தம்பி. அச்சில் வார்த்த பாகங்களில் சிலிக்கன் அதிகம், அது அனோடைஸ் ஆகாது; அழுக்குச் சாம்பல்தான் வரும். தொழிற்சாலைகளில் ஃப்ளூரைடு கலந்த அமிலத்தால் சிலிக்கனை அகற்றுவார்கள். அதை வீட்டில் நினைத்தும் பார்க்காதீர்கள், தோல் வழியாக உள்ளே போய் உயிரை எடுக்கும். அந்த மூடிக்குப் பெயின்ட்தான். பளிச்சென்று நிறம் வேண்டுமானால் 6061, 6063 வகை அலுமினியக் கலவையில் கடைந்த பாகமாகப் பாருங்கள்.

கேள்வி: பழைய ஆசிட்டை என்ன செய்வது?

மூடி வைத்தால் பலமுறை ஓடும், அவசரப்பட்டுக் கொட்டாதீர்கள். முடிந்துபோனால் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, ஆசிட்டை அதில் ஊற்றி, சோடா உப்பை (சமையல் சோடா) சிறிது சிறிதாகப் போடுங்கள், பொங்கும். நுரைப்பது நின்றதும் அடியில் அலுமினியக் கசடு வெள்ளையாகத் தங்கும். எதிர்முனைக்கு ஈயத் தகடு போட்டிருந்தால் அந்தக் கசடில் ஈயமும் இருக்கும், அது சாக்கடைக்குப் போகக் கூடாது. நச்சுக் கழிவாகத் தனியே ஒப்படைக்க வேண்டும். இதனாலேயே நான் எதிர்முனைக்கும் அலுமினியத் தகடே போடுகிறேன்.